‘ரீச்சரை உங்களுக்கு எப்படித் தெரியும்?’

அன்புள்ள அக்கா,

ரீச்சர் காலமான செய்தியை ஒட்டி நீங்கள் எழுதிய சிறு குறிப்பை வாசித்தேன். பெயர் போடாமல் எழுதியிருந்தீர்கள். ஆனாலும் யாரென்று எனக்கு உடனே விளங்கிவிட்டது. நான் மூன்று வருடம், புதன்கிழமை பின்னேரங்களில், அவரிடம் போய்க் கதைத்தவள். காரணத்தை இங்கே எழுதவில்லை. என் கணவருக்குத் தெரியும், வீட்டில் வேறு யாருக்கும் தெரியாது. நான் கணினி வகுப்புக்குப் போகிறேன் என்றுதான் மாமி நினைத்துக்கொண்டிருந்தா.

பொரளை மலர்ச்சாலையில் வரிசையில் நின்றபோது பக்கத்தில் நின்ற ஓர் அம்மா, “ரீச்சரை உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டார். சாதாரணமாகத்தான் கேட்டார். எனக்கு வேர்த்துவிட்டது. “எனக்குப் படிப்பிச்சவ” என்று சொல்லிவிட்டேன். எந்தப் பள்ளிக்கூடம், எந்த வருடம் என்று அடுத்த கேள்வி வந்தது. கூட்டத்துக்குள் நழுவி வெளியே வந்து ஓட்டோ பிடித்து வீட்டுக்குப் போய்விட்டேன். அவருடைய முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை.

இப்போது 31ஆம் நாளுக்கு மண்டபம் எடுத்திருக்கிறார்கள். ரீச்சரால் பயன்பெற்றவர்கள் மேடைக்கு வந்து இரண்டிரண்டு நிமிடம் பேசலாம், நினைவு மலருக்கும் எழுதித் தரலாம் என்று செய்தி வந்திருக்கிறது. பேசாவிட்டால் நான் நன்றி மறந்தவளா? பேசினால் என் வீட்டில் என்ன நடக்கும்? இன்னொன்றும் கேட்க வேண்டும், கேட்க வெட்கமாக இருக்கிறது. நான் கதைக்கும்போது அவர் ஒரு கொப்பியில் இடைக்கிடை ஏதோ குறிப்பார். அந்தக் கொப்பி இப்போது யாரிடம் இருக்கிறது?

ஒரு வாசகி, கொழும்பு

அன்புள்ள தங்கைக்கு,

உங்களிடம் சம்மதம் வாங்கி, கிழமையையும் வேறு இரண்டு விபரங்களையும் மாற்றித்தான் கடிதத்தை இங்கே போடுகிறேன். ரீச்சரின் பெயரை இந்த முறையும் எழுதப்போவதில்லை. அவருடைய வீட்டுக்குப் படியேறியவர்களைப் பார்த்து வைத்திருக்கும் அயலவர்கள் இருக்கிறார்கள். ஒரு பெயர் கிடைத்தால் போதும், கணக்குப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். அதுதான் உங்கள் நித்திரையைக் கெடுக்கிறது என்று நினைக்கிறேன். அந்தக் கொப்பி யாரிடமும் இல்லை. அது அழிந்ததைக் கண்ணால் பார்த்தேன், என் கையும் அதில் இருந்தது. எப்படி என்று கீழே சொல்கிறேன்.

அடுத்தது, “படிப்பிச்சவ” என்று நீங்கள் சொன்னது. அதைப் பொய் என்று நினைத்து உங்களை வருத்திக்கொள்ளாதீர்கள். அவர் முதலில் ரீச்சர்தான். உளவியல் படித்து உளவளத்துணையாளரானது நாற்பது வயதுக்குப் பிறகு. அதற்கு முன் கொழும்பில் ஒரு தமிழ்ப் பாடசாலையில் கணிதம் படிப்பித்தார்.

ஏன் மாறினார் என்பதை, உளவளத்துணைத் தொண்டர்களுக்கு அவர் நடத்திய வகுப்பின் முதல் நாளிலேயே எங்களுக்குச் சொல்லிவிடுவார். அவருடைய ஏழாம் ஆண்டு வகுப்பில் ஒரு பையன் மூன்று நாளாக வரவில்லை. நாலாம் நாள் வந்தவனிடம் காரணம் கேட்டால், அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன், அங்கே கதைக்க ஆள் தேவை என்றான். அடுத்த முறை ரீச்சரும் கூடப் போனார். டொக்டர் நல்லவர், பொறுமையாகத்தான் கேட்டாராம். ஆனால் அவருக்குத் தமிழ் தெரியாது, தாய்க்குச் சிங்களம் தெரியாது. “சாக வேணும் போல இருக்குதா என்று அம்மாவிடம் கேள்” என்று டொக்டர் சிங்களத்தில் சொல்ல, பன்னிரண்டு வயதுப் பிள்ளை அதைத் தமிழில் மாற்றித் தன் தாயிடமே கேட்டிருக்கிறான். தாய் மகனின் முகத்தைப் பார்த்து, “இல்லையெண்டு சொல்லு” என்றாராம். பையன் டொக்டரிடம் திரும்பி “இல்லையாம்” என்றான். டொக்டர் எழுதிக்கொண்டார்.

இதைச் சொல்லும்போது ரீச்சர் இந்த இடத்தில் நிறுத்திவிடுவார். “அவ இல்லையெண்டு சொல்லேல்லை, பிள்ளையள். ‘இல்லையெண்டு சொல்லு’ எண்டுதான் சொன்னவ. இந்த ரெண்டுக்கும் நடுவிலதான் எங்கட வேலை கிடக்கு.” பிறகு கரும்பலகைப் பக்கம் திரும்பிவிடுவார். அந்தப் பையனுக்கு இப்போது ஐம்பது வயது இருக்கும். அவனும் மலர்ச்சாலைக்கு வந்திருந்தானோ தெரியாது. வந்திருந்தாலும், எப்படித் தெரியும் என்று கேட்டவர்களுக்கு உங்களைப் போலத்தான் பதில் சொல்லியிருப்பான்.

நான் அவரிடம் படித்தது வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மேல்மாடி அறையில். சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வகுப்பு. ஒன்பது ஐந்துக்கு வந்தால் கதவு பூட்டியிருக்கும். ரெயில் போகும்போது யன்னல் கண்ணாடி அதிரும், அது போய் முடியும்வரை எல்லாரும் சும்மா இருப்போம். அந்தச் சும்மா இருத்தலையே ஒரு பாடமாக ஆக்கிவிட்டார். “இப்ப என்ன செய்தனீங்கள்? ரெயில் போகட்டும் எண்டு இருந்தனீங்கள்தானே. ஆள் அழேக்கையும் அப்படித்தான்.”

அழுகிறவருக்கு லேஞ்சியை நீட்டக்கூடாது என்பது அவருடைய கண்டிப்பான சட்டம். எங்களுக்கு முதலில் அது கல்நெஞ்சாகத் தெரிந்தது. நீட்டினால் ‘போதும், துடைச்சுக்கொள்’ என்று சொன்னதாகிவிடும் என்பார். லேஞ்சி மேசையில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், எடுப்பது அவரவர் விருப்பம். பக்கத்தில் மூடிவைத்த தண்ணீர் ரம்ளர். மணிக்கூடு வந்தவரின் முதுகுக்குப் பின்னால், கதைப்பவர் நேரத்தைப் பார்க்காதபடி, கேட்பவர் மட்டும் தலையைத் திருப்பாமல் பார்க்கக்கூடிய மாதிரி. நீங்கள் மூன்று வருடம் அந்த அறையில் இருந்தவர். இந்த ஏற்பாடு உங்கள் கண்ணில் பட்டிருக்காது. படக்கூடாது என்றுதான் அப்படி வைத்திருந்தார்.

எங்கள் சனம் ‘மனச்சோர்வு’ என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. யோசனை கூடிப்போச்சு, நித்திரை இல்லை, நெஞ்சை அடைக்குது, பெருமூச்சு வருகுது, கைகால் விறைக்குது என்றுதான் வருவார்கள். இலங்கைத் தமிழில் ‘யோசிக்காதை’ என்றால் கவலைப்படாதே என்றுதானே அர்த்தம். வெளிநாட்டுப் பாடப்புத்தகத்தில் இந்தச் சொல்லைத் தேடினால் கிடைக்காது. ரீச்சர் எங்களை ஒவ்வொரு கிழமையும் வீட்டில், பஸ்ஸில், சந்தையில் காதில் விழும் இப்படியான சொற்களை எழுதிக்கொண்டு வரச் சொல்வார். நெஞ்சு எரிவு வேறு, நெஞ்சடைப்பு வேறு, நெஞ்சு படபடப்பு வேறு. ஒவ்வொன்றுக்கும் பின்னால் எந்த மாதிரிக் கதை வருகிறது என்று வகுப்பில் அலசுவோம். போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்தில் பணிசெய்த மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், துயரம் இப்படி உடம்பின் வழியாக வெளிவருவதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார். ரீச்சர் அவற்றை எங்களுக்கு வாசித்துக் காட்டுவார். ஆனால் முதல் புத்தகம் எதிரே இருக்கிற ஆள்தான் என்பார்.

ஒருமுறை எங்கள் எல்லாரையும் பஸ்ஸில் அங்கொடைக்குக் கூட்டிக்கொண்டு போனார். கொழும்பில் வளர்ந்தவர்களுக்கு அது ஊரின் பெயர் அல்ல, ஏச்சு. ‘உன்னை அங்கொடைக்குத்தான் அனுப்ப வேணும்’ என்று நாங்களும் பள்ளிக்கூடத்தில் ஒருவரையொருவர் ஏசியிருக்கிறோம். தேசிய மனநல நிறுவகத்தின் வாசலில் இறங்கியபோது எங்களில் இரண்டு பேர் முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டார்கள், தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று. ரீச்சர் ஒன்றும் சொல்லவில்லை. திரும்பும் வழியில்தான் மெதுவாகச் சொன்னார்: “நீங்கள் வேலைக்கு வந்தனீங்கள், அப்பிடியிருந்தும் முகத்தை மூடினீங்கள். வருத்தத்தோட வாறவ எப்பிடி வருவா?”

தங்கை, அந்த முந்தானைதான் உங்கள் கணினி வகுப்பு. அதை வைத்து உங்களைக் குறை சொல்ல எனக்கு எந்த யோக்கியதையும் இல்லை. இழுத்துக்கொண்ட இரண்டு பேரில் ஒருத்தி நான்.

ரீச்சர் செய்த தொண்டைப் பற்றி நினைவு மலரில் மற்றவர்கள் விரிவாக எழுதுவார்கள். நான் இரண்டு மூன்று இடங்களை மட்டும் தொட்டுக்கொண்டு போகிறேன்.

2004 டிசம்பர் 26 கடற்கோளுக்குப் பிறகு அவரோடு கல்முனைப் பக்கம் போனோம். பாடசாலையில் முகாம். எங்களுக்கு முன்னமே வேறு குழுக்கள் வந்து போயிருந்தன. எட்டு வயதிருக்கும் ஒரு பிள்ளை எங்களைக் கண்டதும் தானாகவே கடதாசியோடு ஓடிவந்து, “அலை கீறவா, வேற என்னவும் கீறவா?” என்று கேட்டது. வருகிறவர்கள் எல்லாம் அலையைக் கீறச் சொல்லி, கீறியதைப் படம் பிடித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். ரீச்சர் கொண்டுவந்த வண்ணப் பெட்டிகளைத் திரும்ப வானுக்குள் வைத்துப் பூட்டச் சொன்னார். அன்று பின்னேரம் முழுக்கக் கிளித்தட்டு விளையாட்டுத்தான். பெரியவர்களிடம் அவர் கேட்டது: யாரைத் தேடுகிறீர்கள், எந்த மருந்து முடிந்துவிட்டது, அடையாள அட்டை இருக்கிறதா. நடந்ததைச் சொல்லச் சொல்லி எவரையும் வற்புறுத்தவில்லை. தானாகச் சொன்னவர்களை இரவிரவாக இருந்து கேட்டார். 2011இல் உலக சுகாதார அமைப்பு வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கைநூலில் பார், கேள், இணைத்துவிடு என்று மூன்று சொல்லில் இதே வழி இருக்கிறது. அதை வாசித்தபோது எனக்கு அந்த அடையாள அட்டைக் கேள்விதான் ஞாபகம் வந்தது.

2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலில் குண்டு வெடித்தபிறகு, முழங்கால் வலியோடு கொட்டாஞ்சேனை ஒழுங்கைகளில் வீடு வீடாக ஏறி இறங்கினார். ஒரு வீட்டில் மூன்று நாளும் அவர் செய்தது பாத்திரம் கழுவியதும் பிளேன்டீ ஊற்றியதும்தான். மூன்றாம் நாள் அந்த வீட்டுத் தாய் குசினிக்குள் வந்து அவருக்குப் பக்கத்தில் நின்றாராம். அதற்குமேல் ரீச்சர் எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

தற்கொலைத் தடுப்பு வகுப்பில் எங்கள் தலைக்கனத்தை முதலில் இறக்குவார். 1995இல் இலங்கையில் ஓர் இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் தற்கொலையால் இறந்தார்கள். உலகிலேயே மிக உயர்ந்த விகிதங்களில் அது ஒன்று. பிறகு கடும் நஞ்சான பூச்சிகொல்லிகளை ஒவ்வொன்றாகத் தடைசெய்தார்கள். இருபது வருடத்தில் அந்த விகிதம் மூன்றில் ஒரு பங்குக்குக் கிட்ட இறங்கிவிட்டது. “நாங்கள் கதைச்சுக் காப்பாற்றினதைவிட, மருந்துப் போத்தல் கைக்கெட்டாமல் போனதால தப்பின உயிர் கூட. ஆனபடியா ஒரு வீட்டுக்குப் போனா, முதல் அங்க என்ன கிடக்கு எண்டு பாருங்கோ. பூட்டி வைக்கச் சொல்லுங்கோ. பிறகு கதையுங்கோ.” உயிரை மாய்க்க முயன்று தப்பியவரைக் குற்றவாளியாக்கிய சட்டம் இந்த நாட்டில் 1998இல்தான் நீங்கியது என்பதையும் அவர்தான் எங்களுக்குச் சொன்னார். அதற்கு முன்பு கதைக்க வந்தவர்களுக்கு வெட்கத்தோடு பொலிஸ் பயமும் இருந்தது. 1974இலிருந்து கொழும்பில் இயங்கும் தற்கொலைத் தடுப்புத் தொண்டு அமைப்பான சுமித்ரயோவை அடிக்கடி உதாரணம் காட்டுவார், அங்கே தொண்டர்கள் உங்கள் பெயரைக்கூடக் கேட்பதில்லை என்று.

இதை வாசிக்கும் யாருக்காவது இப்போது யோசனை கூடியிருந்தால் 1926 என்ற இலக்கத்துக்கு எடுங்கள், அது தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம். 1333 என்று ஓர் உளவளத்துணை இலக்கமும் இருக்கிறது. ரீச்சர் இருந்தால் இந்தப் பதிலில் இந்த இரண்டு வரியைத்தான் முதலில் எழுதச் சொல்லியிருப்பார்.

சரி, மேடைக்கு வருகிறேன்.

மலர்ச்சாலை வாசலில் கட்டியிருந்த கண்ணீர் அஞ்சலிப் பதாகையில் ‘நடமாடிய தெய்வம்’ என்று போட்டிருந்தது. அன்பில்தான் போட்டிருப்பார்கள். ஆனால் எனக்கு மனம் ஒப்பவில்லை. தெய்வத்துக்குக் களைப்பு இல்லை. ரீச்சர் களைத்தார். வெள்ளிக்கிழமைகளில் யாரையும் பார்க்கமாட்டார், போனையும் எடுக்கமாட்டார். வசதியுள்ளவர்களிடம் கட்டணம் சரியாக வாங்கினார், அதை வைத்துத்தான் இல்லாதவர்களைப் பார்த்தார். மாதம் ஒருமுறை தானும் இன்னொரு மூத்த உளவியலாளரிடம் போய் உட்கார்ந்து தன் பாரத்தை இறக்கிவிட்டு வருவார். எனக்குத் தெரிந்த ரீச்சர் இவர்தான். தெய்வமாக்கினால் மேடையில் அற்புதங்களைச் சொல்லத்தான் ஆள் தேடுவார்கள். உங்களுக்கு வந்த செய்தியும் அதுதான்.

நீங்கள் நன்றி மறந்தவள் இல்லை. அந்த அறையில் நடந்தது உங்களுடைய கதை. அதை வெளியே சொல்லாமலிருக்க வேண்டிய கடமை ரீச்சருக்கு இருந்தது, கடைசிவரை இருந்தது. உங்களுக்கு அந்தக் கடமை இல்லை. நாளைக்கே ஊரறியச் சொல்லலாம், பத்து வருடம் கழித்துச் சொல்லலாம், சொல்லாமலே இருக்கலாம். ஆனால் அவருக்கு நன்றிக்கடன் என்று நினைத்துச் சொல்லாதீர்கள். தன்னிடம் வந்த ஒருவர் தனக்காக ஒரு மண்டபத்தில் எழும்பி நின்று தன் வீட்டைக் கலக்கிக்கொள்வதை அவர் தாங்கியிருக்கமாட்டார். காலி வீதியில் எதிரே வந்தாலும், நீங்கள் சிரித்தால்தான் அவர் சிரிப்பார், இல்லையா? பார்க்காத மாதிரிப் போனால் அவரும் பார்க்காத மாதிரியே போவார். வகுப்பில் எங்களுக்கும் அதைத்தான் சொல்லித் தந்தார்: முதலில் தலையசைக்க வேண்டியது அவர்கள், நாங்கள் அல்ல.

ஏற்பாட்டாளர்களோடு கதைத்தேன். நல்ல மனிதர்கள், சொன்னதும் புரிந்துகொண்டார்கள். அந்த அங்கத்தை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பதிலாக அவரிடம் கணிதம் படித்த இரண்டு பேரும், தொண்டர் வகுப்பிலிருந்து நானும் பேசுகிறோம்.

இனிக் கொப்பி.

அவர் போவதற்கு ஏழு கிழமைக்கு முன் ஒரு நாள் போன் எடுத்து, “பெரிய வாளி ரெண்டு கொண்டு வா, பிள்ளை” என்றார். அப்போது புற்றுநோய் முற்றிவிட்டது, அவருக்கும் தெரியும். தொடர்ந்து வந்துகொண்டிருந்தவர்களை அதற்கு முன்னமே ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லி, விரும்பியவர்களை வேறொரு உளவளத்துணையாளரிடம் சேர்த்துவிட்டிருந்தார். உங்கள் புதன்கிழமைகள் முடிந்து சில காலம் ஆகியிருக்கும் என்று நினைக்கிறேன், இல்லாவிட்டால் உங்களையும் கூப்பிட்டிருப்பார்.

கொப்பிகளில் பெயர் கிடையாது. இலக்கம் மட்டும்தான். எந்த இலக்கம் யார் என்ற பட்டியல் வேறொரு சின்னக் கொப்பியில், அலுமாரிக்குள், சேலைகளுக்கு அடியில் இருந்தது. ஊர் என்றால் வளவுக்குள் போட்டு எரித்திருக்கலாம். வெள்ளவத்தையில் நாலாம் மாடியில் எங்கே எரிப்பது? கிழித்துக் குப்பையில் போட்டாலும் யாராவது ஒட்டிப் பார்ப்பார்கள் என்ற பயம் அவருக்கு. ஆகவே தண்ணீர்.

கதிரையில் தலையணை வைத்து உட்கார்ந்துகொண்டு, கத்தரிக்கோல் முனையால் கொப்பிகளின் கம்பியைக் கிளப்பினார். ஒற்றைகளைக் குப்புறத் திருப்பி என்னிடம் தந்தார். “பார்க்காதை எண்டு சொல்லமாட்டன். நீ பார்க்கமாட்டாய்” என்றார். நான் யன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக வாளிக்குள் விட்டேன். நீல மை கரைந்து தண்ணீர் முழுக்க நீலமாகிவிட்டது. சின்னக் கொப்பியைக் கடைசியாக எடுத்தார். திறக்கவில்லை. கொஞ்ச நேரம் மடியில் வைத்திருந்துவிட்டு, “இதைத் தனி வாளியில போடு” என்றார்.

அடுத்த நாள் காலையில் போனபோது எல்லாம் ஊறித் தோசைமா மாதிரி இருந்தது. ஊசி குத்திய கையைப் பொலித்தீன் பையால் சுற்றிக்கொண்டு, மற்றக் கையை வாளிக்குள் விட்டு அவரே பிசைந்தார். நான் செய்கிறேன் என்றேன், விடவில்லை. களைத்தபோது நிறுத்தி, மூச்சு வாங்கி, மறுபடி பிசைந்தார். ஒரு எழுத்தும் மிஞ்சவில்லை என்று உள்ளங்கையில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்த பிறகுதான் கையைக் கழுவினார். விரல் இடுக்கில் நீலம் இரண்டு மூன்று நாள் போகவில்லை.

நீங்கள் முகத்தைச் சரியாகப் பார்க்காமல் வந்துவிட்டதாக எழுதியிருந்தீர்கள். பச்சைக் கரை போட்ட வெள்ளைச் சேலை உடுத்தியிருந்தார். கண்ணாடியைக் கழற்றவில்லை, மகள் அப்படித்தான் வேண்டும் என்று சொன்னார். தலை ஒரு பக்கம் சற்றுச் சரிந்து, நீங்கள் கதைக்கும்போது சாய்த்துக் கேட்பாரே, அந்த மாதிரித்தான் இருந்தது.

31ஆம் நாளுக்கு வாருங்கள். வாசலில் நினைவு மலர் கொடுக்கும் மேசையில் நான் இருப்பேன். எனக்கு உங்கள் முகம் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. ஒன்றை எடுத்துக்கொண்டு உள்ளே போய் இருங்கள். பக்கத்தில் இருப்பவர் ரீச்சரை எப்படித் தெரியும் என்று கேட்டால், படிப்பிச்சவ என்றே சொல்லுங்கள். எந்தப் பள்ளிக்கூடம் என்று விடாமல் கேட்டால் என் பக்கம் கையைக் காட்டுங்கள், மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். பன்னிரண்டரைக்குச் சாப்பாடு. அவருக்குப் பிடித்த கத்தரிக்காய்ப் பொரிச்ச குழம்பும் இருக்கிறது, இந்த முறை சாப்பிடாமல் ஓடிப்போகாதீர்கள்.

அன்புடன்,
அக்கா